பதிவேட்டில் இருந்தது, கண்ணில் படவில்லை

நான் செவிலியராகப் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. பிரசவ வார்டில் இரவுப் பணி. அன்று மாலை முதல் குழந்தையைப் பெற்றெடுத்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் என் பொறுப்பில் இருந்தார். மணிக்கு ஒருமுறை நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து எழுத வேண்டும் என்பது மருத்துவரின் குறிப்பு. எழுதினேன். பதினொரு மணிக்கு நாடி 88, ரத்த அழுத்தம் 116/70. பன்னிரண்டு மணிக்கு 96, 112/72. ஒரு மணிக்கு 104, 108/74. இரண்டு மணிக்கு 112, 106/76. மூன்று மணிக்கு 120, 100/76. நான்கு மணிக்கு அவர் தண்ணீர் கேட்டார். கை சில்லிட்டிருந்தது. நாடி 132, அழுத்தம் 86/60. அப்போதுதான் பணி மருத்துவரை அழைத்தேன்.

வெளியே பெரிதாக ரத்தப்போக்கு இல்லை. தளர்ந்துபோன கருப்பைக்குள் ரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லையா என்று இதைப் படிக்கும் செவிலியர் எவரும் கேட்பார். பதினொரு மணிக்குத் தொட்டுப் பார்த்தேன். கருப்பை கெட்டியாகத்தான் இருந்தது. அதன்பின், களைத்துப்போன பெண் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாடி ஏறுவதற்கு வலியையும் பயத்தையும் காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடிவதற்குள் கருப்பையை அகற்றித்தான் அவர் உயிரைக் காப்பாற்ற முடிந்தது.

பின்னர் நடந்த விசாரணையில் என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம்கூட விடுபடவில்லை. கையெழுத்து தெளிவாக இருந்தது. பதிவுகள் முறையாக உள்ளன என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். என் மீது எந்தக் குற்றமும் இல்லை. அந்த ஒற்றை வரிதான் இத்தனை ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. முறையாக எழுதியவளுக்கு ஏன் அது தெரியவில்லை?

விடை, ஆசிரியப் பணிக்கு வந்த பிறகு ஒரு வரைபடத் தாளில் கிடைத்தது. அந்த ஆறு மணி நேர எண்களை மனத்திலிருந்து எடுத்துப் புள்ளிகளாக இட்டு இணைத்தேன். நாடிக்கோடு மேலே ஏறுகிறது. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கான கோடு கீழே இறங்குகிறது. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. நாடித்துடிப்பை அந்த மேல் எண்ணால் வகுத்துக் கிடைப்பதை மருத்துவத்தில் அதிர்ச்சிக் குறியீடு என்பார்கள். 1967-இல் ஜெர்மன் மொழியில் வெளியான ஒரு கட்டுரை முன்வைத்த அளவு அது. பிரசவித்த பெண்ணுக்கு அது 0.9-ஐத் தொட்டாலே எச்சரிக்கை. என் நோயாளிக்கு ஒரு மணிக்கே அந்த எல்லை தாண்டிவிட்டது. நான் அழைத்தது நான்கு மணிக்கு.

எனக்கு அந்த எண்கள் தெரியாமல் இல்லை. ஆனால் நாடித்துடிப்பை டி.பி.ஆர். சார்ட்டில் எழுதினேன், ரத்த அழுத்தத்தை வேறொரு நோட்டில் எழுதினேன். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ள அவற்றுக்கு ஒரே தாள் வாய்க்கவே இல்லை.

செவிலியர் கல்வியைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். 2025 மே மாதம் செவிலியர் நாளன்று உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, 2023 நிலவரப்படி உலகில் 2.98 கோடிச் செவிலியர் இருப்பதாகவும், இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்படுவதாகவும் கணக்கிட்டது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை, மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்து 157 புதிய அரசு செவிலியர் கல்லூரிகளை ரூ.1,570 கோடியில் தொடங்க ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 15,700 பட்டதாரிகள் கூடுதலாக வெளிவருவர் என்பது திட்டம். மகிழ்ச்சிக்குரிய செய்திகள்தாம். ஆனால் எல்லாம் எண்ணிக்கை பற்றியவை. இந்தக் கல்லூரிகளில் படிக்கப் போகிறவர்கள் நள்ளிரவு ஒரு மணிக்கு ஒரு படுக்கையருகே நின்று என்ன யோசிப்பார்கள் என்பதைப் பற்றிய பேச்சு அரிதாகவே காதில் விழுகிறது.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தை மாற்றியமைத்து, எட்டு பருவங்களாகப் பிரித்து, திறன் அடிப்படையிலான கல்வி என்று அறிவித்தது. செவிலியச் செயல்முறை பற்றிய பாடப்பகுதியே திறனாய்வுச் சிந்தனையிலிருந்துதான் தொடங்குகிறது. நல்ல மாற்றம். ஆனால் அந்தச் சிந்தனையும் 'வரையறு, வகைப்படுத்து, விளக்கு' என்ற வினாவுக்கு விடையாக மனப்பாடம் செய்யப்படும்போது நாம் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம். திறனாய்வுச் சிந்தனையின் படிகளைப் பிழையின்றி ஒப்பித்த ஒரு மாணவி, அதே வாரத்தில் வார்டில் மூச்சுத்திணறலோடு இருந்தவரைச் சமமாகப் படுக்கவைத்துப் படுக்கை விரிப்பு மாற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

சிந்தனையைப் பழக்குவதற்காக நம்மிடம் நெடுங்காலமாக இருக்கும் கருவி, பராமரிப்புத் திட்டம். மாணவியர் மொழியில் கேர் பிளான். மதிப்பீடு, செவிலிய நோயறிதல், இலக்கு, செயல்பாடு, அதற்கான காரணம், பலன் எனப் பத்திபத்தியாகக் கோடிட்டு நிரப்ப வேண்டும். அதன் நோக்கத்தில் குறையில்லை. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது செவிலியர் கல்லூரி வாசலை மிதித்த எவருக்கும் தெரியும். அக்காக்களின் கோப்பு தங்கைகளுக்குக் கைமாறும். நோயாளியின் பெயரும் படுக்கை எண்ணும் மாறும். 'பதற்றம்' என்ற நோயறிதல் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும். 'ஆறுதல் கூறப்பட்டது' என்ற செயல்பாடும் அப்படியே. விடுதியில் இரவு முழுக்க விழித்து அதை எழுதும் பெண்ணின் உழைப்பு பொய்யன்று. ஆனால் அந்த உழைப்பில் கை மட்டுமே பங்கேற்கிறது.

பத்திகளின் சிக்கல் வெறும் காப்பியடிப்பு மட்டுமன்று. அவை நோயாளியைத் துண்டுபோடுகின்றன. ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு வரிசை. வரிசைகளுக்கு இடையே கோடு. உடலுக்குள் அப்படிக் கோடுகள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இதயச் செயலிழப்புக்காக உள்நோயாளியாக இருந்த அறுபது வயது விவசாயி ஒருவரை மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரிடம் ஒப்படைத்திருந்தேன். அவர் எழுதிய திட்டத்தில் நான்கு வரிசைகள். மூச்சுத்திணறல்: சாய்வாக உட்காரவைத்து ஆக்சிஜன். கால் வீக்கம்: வார்டில் எல்லோரும் லாசிக்ஸ் என்று அழைக்கும் நீர்நீக்கி மருந்து, உப்புக் கட்டுப்பாடு. வாந்தியும் பசியின்மையும்: சிறிது சிறிதாக அடிக்கடி உணவு, வாந்தி நிறுத்தும் மருந்து. நான்காவது, வழக்கம்போல் பதற்றம். நான்கும் புத்தகப்படி சரி. திருத்துபவர் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

அந்தத் திட்டத்தை மூடி வைக்கச் சொல்லி, ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்தேன். நடுவில் நோயின் பெயரை எழுதாதே, மனிதரை எழுது. சுற்றிலும் நீ கண்டதையும் கேட்டதையும் கொடுக்கும் மருந்துகளையும் எழுது. பிறகு கோடு போடு. ஒவ்வொரு கோட்டின் மீதும் ஒரு சொல் இருக்க வேண்டும்: 'இதனால்', 'இதைத் தடுக்க', 'இருந்தும்', 'ஒருவேளை'. சொல் எழுத முடியாத கோட்டைப் போடாதே.

அரை மணி நேரம் போராடினார். லாசிக்ஸிலிருந்து பொட்டாசியத்துக்கு ஒரு கோடு: 'இதனால் குறையும்'. வாந்தியிலிருந்தும் பொட்டாசியத்துக்கு ஒரு கோடு: 'இதனாலும் குறையும்'. உணவு என்ற வட்டத்தைப் போட்டுவிட்டு அதிலிருந்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். அந்த வெற்றுக்கிளை அவரை நோயாளியின் மனைவியிடம் அனுப்பியது. பழமும் இளநீரும் நின்று பத்து நாளாயிற்று. உடம்பில் நீர் கோத்திருக்கும்போது அதெல்லாம் ஆகாது என்று உறவினர்கள் சொன்னார்களாம். மூன்றாவது கோடும் பொட்டாசியத்திலேயே வந்து விழுந்தது. கடைசியாக மிஞ்சியது டிகாக்சின் என்ற இதய மருந்து. தாளில் எதனோடும் சேராமல் ஓரமாகக் கிடந்தது. பொட்டாசியம் குறைந்தால் இந்த மருந்துக்கு என்ன ஆகும் என்று அவரே மருந்தியல் புத்தகத்தைத் திறந்தார். மருந்தின் வீரியம் நஞ்சாகும். அதன் முதல் அறிகுறிகளில் பசியின்மையும் வாந்தியும் உண்டு. கோடு சுற்றிக்கொண்டு வாந்திக்கே திரும்பி வந்தது.

வாந்திக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம், மேடம் என்றார். பிறகு எழுந்து நாடி பார்க்கப் போனார். 54. பொறுப்புச் செவிலியர் மூலம் மருத்துவருக்குச் சொல்லப்பட்டது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.9. டிகாக்சின் நிறுத்தப்பட்டது.

இந்த முறைக்குக் கருத்து வரைபடம் என்று பெயர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் 1972-இல் உருவாக்கியது. பள்ளிப் பிள்ளைகள் அறிவியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை ஆராயவே முதலில் பயன்பட்டது. புதிய அறிவு பழைய அறிவோடு பிணைந்தால்தான் பொருள் பெறும் என்ற டேவிட் ஆசுபெலின் கோட்பாடு அதன் அடிப்படை. கோட்டின் மீது சொல் இருக்க வேண்டும் என்பது நோவாக் வைத்த நிபந்தனை. அதை விட்டுவிட்டு வண்ண வண்ணப் பேனாக்களால் வட்டங்களும் பூக்களும் வரைந்து சுவரில் ஒட்டுவது இப்போது சில கல்லூரிகளில் வழக்கமாகிவருகிறது. ஆய்வுக்கு வருவோர் படம் எடுத்துச் செல்கிறார்கள். சொல்லற்ற கோடுகள் எதையும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வரும் பெண்கள் எங்கள் வகுப்பில் கணிசமானவர்கள். ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுத வேண்டிய இடத்தில் அவர்களுக்குக் காப்பியடிப்பதைத் தவிர வேறு வழி தோன்றுவதில்லை. அவர்கள் யோசிக்கத் தெரியாதவர்கள் என்ற பெயரும் வந்துவிடுகிறது. வரைபடத்தில் நோய்க்கும் மருந்துக்கும் ஆங்கிலப் பெயர் இருக்கட்டும், கோட்டின் மீது தமிழில் எழுதலாம் என்று அனுமதித்த பிறகு நான் கண்ட மாற்றம் பெரிது. 'இதனால்' என்பதற்கும் 'இதோடு சேர்ந்து' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி இரு மாணவியர் அரை மணி நேரம் சண்டையிட்டதைக் கேட்டேன். காரணத்துக்கும் உடன்நிகழ்வுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிய விவாதம் அது.

காட்சிவழிக் கல்வியைப் பரிந்துரைப்போர் சிலர் அதற்குச் சொல்லும் காரணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், அவரவர் பாணிக்கு ஏற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறார்கள். ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இன்னமும் வேதவாக்காகச் சொல்லப்படும் இந்தக் கருத்தை, 2008-இல் ஹரோல்ட் பாஷ்லர் முதலான அமெரிக்க உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்து, அதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறிவிட்டனர். வரைபடம் தேவைப்படுவது மாணவியின் பாணிக்காக அன்று; பொருளின் தன்மைக்காக. ஒரே நேரத்தில் பல காரணங்கள் ஒன்றையொன்று தூண்டும் ஒரு நிலையை வரிசையாக எழுதப்படும் வாக்கியம் முழுதாகக் காட்டுவதில்லை.

கருத்து வரைபடம் சர்வரோக நிவாரணியும் அன்று. 2011-இல் 'சயன்ஸ்' இதழில் ஜெஃப்ரி கார்பிக்கேவும் ஜேனல் பிளன்ட்டும் வெளியிட்ட ஆய்வு எங்களைப் போன்றோருக்குச் சங்கடமானது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரைபடம் தீட்டிய மாணவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து மீட்டெடுத்துப் பயிற்சி செய்தவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் மேலாகச் செய்தார்கள். அதைப் படித்த பிறகு என் வகுப்பில் ஒரு விதியை மாற்றினேன். முதல் வரைவு புத்தகமின்றி, நினைவிலிருந்தே. தெரியாத இடம் வெற்றாகவே நிற்கட்டும். புத்தகம் இரண்டாவது சுற்றில். செவிலியர் கல்வியில் இம்முறை பற்றி வெளியான ஆய்வுகள் பெரும்பாலும் சாதகமாகவே பேசுகின்றன என்றாலும், பல ஆய்வுகள் ஒரே கல்லூரியில், சில வாரங்களில், ஒரு வினாத்தாள் மதிப்பெண்ணைக் கொண்டு அளந்தவை. நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்பதை அளந்தவை அரிது.

வரைவதற்கு முன்னால் பார்க்கத் தெரிய வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இர்வின் பிரேவர்மன் என்ற தோல்நோய் மருத்துவர் மருத்துவ மாணவர்களை ஓவியக் கூடத்துக்கு அழைத்துச் சென்று, முன்பின் அறியாத ஓவியங்களை வெறுமனே விவரிக்கச் சொன்னார். அவர்களின் கவனிப்புத்திறன் கூடியதாக 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. பின்னர் அங்குள்ள செவிலியர் கல்வியிலும் அம்முறை நுழைந்தது. நான் இருக்கும் ஊரில் ஓவியக் கூடம் இல்லை. எங்கள் பயிற்சிக்கூடத்தில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, சுற்றிலும் சிலவற்றை மாற்றிவைத்துப் படம் எடுத்துத் திரையில் போடுவேன். மடங்கிய சொட்டுக்குழாய். சிலிண்டரோடு இணைக்கப்படாத ஆக்சிஜன் முகமூடி. தலைக்கு மூன்று தலையணை. குழாயையும் முகமூடியையும் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள். தலையணைகளை எவரும் சொல்வதில்லை. அது வீட்டார் செய்த ஏற்பாடு, அது நோயின் அறிகுறி ஆகுமா என்று கேட்பார்கள். சமமாகப் படுத்தால் மூச்சு முட்டும் ஒருவர்தானே மூன்று தலையணை கேட்பார்?

வரைபடம் செவிலியத்துக்கு வெளிநாட்டு இறக்குமதி என்று எண்ணிவிடக் கூடாது. கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயங்களால் இறந்ததைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்ததே அதிகம் என்பதை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வண்ண வரைபடமாகத்தான் காட்டினார். அட்டவணையைப் படிக்காதவர்களும் அதைப் பார்த்தார்கள். பத்தாண்டு கழித்து ஜெர்மனியின் கார்ல் வுண்டர்லிஷ் காய்ச்சலை வரைகோடாகப் பின்தொடர்வது பற்றி நூல் எழுதினார். படுக்கையின் கால்மாட்டில் தொங்கும் நமது டி.பி.ஆர். சார்ட் அந்த மரபில் வந்ததே. கோடு வரைவதற்காகப் பிறந்த தாளை நாம் கட்டம் நிரப்பும் தாளாக மாற்றிக்கொண்டோம்.

இதற்கு மிகத் துயரமான எடுத்துக்காட்டு பார்ட்டோகிராஃப். பிரசவ வலியின் போக்கை ஒரே தாளில் காட்டும் வரைபடம் அது. 1954-இல் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃபிரீட்மன் கருப்பை வாய் விரிவதைக் கோடாக வரைந்து தொடங்கியதை, 1972-இல் அன்றைய ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், பில்பாட், காசில் என்ற இருவர் செவிலியரின் கருவியாக மாற்றினார்கள். அங்கே பெரிய மருத்துவமனை தொலைவில். சிற்றூர் மையத்தில் இருந்தவர்கள் மருத்துவச்சிகள். எந்த நேரத்தில் தாயை வண்டியில் ஏற்றுவது என்பதே அவர்கள் முன் இருந்த கேள்வி. தாளில் ஓர் எச்சரிக்கைக் கோடும், நான்கு மணி நேரம் தள்ளி ஒரு செயல்பாட்டுக் கோடும் போட்டார்கள். தாயின் கோடு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் அனுப்பு. உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து நாடுகளில் 35,484 பெண்களிடம் இதைச் சோதித்து 1994-இல் முடிவை வெளியிட்டது. பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டும் நீடித்த பிரசவங்கள் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாகக் குறைந்தன. பின்னாளில் வந்த தொகுப்பாய்வுகள் அவ்வளவு உறுதி அளிக்கவில்லை. ஆயினும் தனியாக இருக்கும் செவிலியருக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் அறியேன்.

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர் சுழற்சிமுறையில் இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கிறார்கள். இரவில் பெரும்பாலும் ஒருவரே இருப்பார். ஜிம்பாப்வேயின் கேள்வியேதான் அவருக்கும்: 108-ஐ எப்போது அழைப்பது? அவருக்காகவே செய்ததுபோன்ற அந்தத் தாள் பல இடங்களில் குழந்தை பிறந்த பிறகே நிரப்பப்படுகிறது. குழந்தை பிறந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எச்சரிக்கைக் கோட்டைத் தொடாத அழகான சாய்கோடு வரையப்படும். ஏன் என்று கேட்டால் கை ஓயவில்லை என்பார்கள், அது உண்மை. ஆனால் முழு உண்மையன்று. அது ஆய்வுக்கு வருவோருக்கான தாள் என்றே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கல்லூரியில் பார்ட்டோகிராஃபுக்கு எண்களைக் கொடுத்து வரையச் சொல்கிறோம். படம் அழகாக இருந்தால் மதிப்பெண் போடுகிறோம். பாதி வரைந்த தாளைக் கொடுத்து, இப்போது இரவு இரண்டு மணி, மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர், என்ன செய்வாய் என்று கேட்பதில்லை.

படமும் பொய் சொல்லும் என்பதற்கும் பார்ட்டோகிராஃபே சாட்சி. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று சாய்ந்திருந்த அந்த எச்சரிக்கைக் கோடு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2020-இல் வெளியிட்ட புதிய பிரசவப் பராமரிப்பு வழிகாட்டித் தாளில் அக்கோடு இல்லை. தீவிரக் கட்டம் நான்கு சென்டிமீட்டருக்குப் பதில் ஐந்திலிருந்து தொடங்குகிறது. மெதுவாக விரியும் ஆரோக்கியமான பெண்கள் எத்தனை பேர் அந்தக் கோட்டால் தேவையின்றி அவசரப்படுத்தப்பட்டிருப்பார்களோ! கோட்டை வரையக் கற்பிக்கும்போதே, அதை அங்கே போட்டவர் யார், எதை நம்பிப் போட்டார் என்று கேட்கவும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

பார்த்தாயிற்று, கோடு வெட்டிக்கொள்வதும் தெரிந்தாயிற்று. அதன் பிறகு வாய் திறக்க வேண்டுமே. நம் வார்டுகளில் அதுதான் எல்லாவற்றிலும் கடினம். இரவு ஒரு மணிக்குத் தூங்கும் மருத்துவரை எழுப்பி, "எதற்கும் ஒருமுறை வந்து பாருங்கள் சார்" என்று இளம் செவிலியர் சொன்னால், "பி.பி. எவ்வளவு?" என்று கேட்பார். "106/76." "நார்மல்தானே சிஸ்டர்?" உரையாடல் அங்கே முடியும். செவிலியருக்கு உள்ளே ஏதோ சரியில்லை என்று படுகிறது; அதைச் சொல்ல மொழி இல்லை.

பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் அறிமுகப்படுத்தி 2017-இல் திருத்திய தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் அந்த மொழியைத் தருகிறது. சுவாசம், ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவுநிலை, வெப்பம் என ஒவ்வொன்றுக்கும் நிறமிட்ட கட்டங்கள். இயல்பிலிருந்து விலக விலக மதிப்பெண் ஏறும். கூட்டுத்தொகை ஐந்தானால் மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும். ஏழானால் அவசர நிலை. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அது அப்படியே பொருந்தாது. அவர்களுக்குத் தனித் தாள்கள் உண்டு. தாய் மரணங்களை ஆராய்ந்த பிரிட்டன் அறிக்கை ஒன்று 2007-இல் அவற்றைப் பரிந்துரைத்தது. நான் பிரசவ வார்டில் நின்றிருந்த காலத்தில் அப்படியொரு தாள் எங்குமே வழக்கத்தில் இல்லை. இப்போது இருக்கிறது, சில தனியார் மருத்துவமனைகள் நம்மூரிலும் பயன்படுத்துகின்றன. "மதிப்பெண் ஏழு, சார்" என்று சொல்லும் செவிலியரிடம் நார்மல்தானே என்று சொல்வது எளிதன்று. படம் இங்கே சிந்தனைக்கு மட்டுமன்று, பேசும் உரிமைக்கும் துணையாகிறது. சுவாசத்தை எண்ணாமலே எல்லோருக்கும் 18 என்று எழுதும் நம் பழக்கம் ஒழிந்தால்தான் அந்த மதிப்பெண்ணுக்கும் பொருள் உண்டு என்பது வேறு செய்தி.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. அமெரிக்காவில் செவிலியராக உரிமம் பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரலில் மாறியது. நோயாளி ஒருவரின் பதிவுகளைத் திரையில் காட்டி, குறிகளைக் கண்டறிவது முதல் விளைவை மதிப்பிடுவது வரை ஆறு படிகளில் கேள்வி கேட்கிறார்கள். வில்கழுத்துப்பட்டை வடிவில் ஒரு வினா வகை உண்டு: நடுவில் நோயாளிக்கு என்ன நேர்கிறது என்பது, ஒரு பக்கம் செய்ய வேண்டிய இரண்டு செயல்கள், மறுபக்கம் கண்காணிக்க வேண்டிய இரண்டு அளவுகள். மிக நல்ல வடிவம். என்னிடம் படித்த பெண்கள் வேலைக்குப் பிறகு கட்டணம் செலுத்திப் பயிற்சி மையங்களில் அதைக் கற்கிறார்கள். "இதைக் கல்லூரியிலேயே சொல்லித்தந்திருக்கலாமே மேடம்" என்று ஒருவர் கேட்டார். வெளிநாட்டு நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறவருக்குச் சிந்தனைப் பயிற்சி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியே நிற்கப் போகிறவருக்குக் கேர் பிளான். இந்த ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

மாற்றுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வரைபடத் தாள், பென்சில். ஆசிரியருக்குத்தான் நேரம் வேண்டும். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கவுன்சிலின் விதி வார்டில் நடைமுறையாக வேண்டும். நாற்பது கேர் பிளான்களைக் கையெழுத்திட்டுத் தள்ளலாம். நாற்பது வரைபடங்களைத் தள்ள முடியாது, ஒவ்வொரு கோட்டையும் காட்டி ஏன் என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தேர்வு மாற வேண்டும். பல்கலைக்கழக வினாத்தாளில் ஒரே ஒரு வினா, ஒரு நோயாளியின் ஆறு மணி நேர எண்களைக் கொடுத்து, எப்போது, யாரை, என்ன சொல்லி அழைப்பாய் என்று கேட்டால் போதும். அடுத்த ஆண்டே எல்லாக் கல்லூரிகளும் கோடு வரையத் தொடங்கிவிடும். நம் கல்லூரிகள் பாடத்திட்டத்துக்குப் பணிவதைவிட வினாத்தாளுக்கே விரைந்து பணியும்.

என் வகுப்பில் அந்த வினா உண்டு. ஒவ்வொரு ஆண்டும் அந்த இரவின் எண்களை, யாருடையவை என்று சொல்லாமல், கொடுப்பேன். வரைந்து முடித்ததும் எங்கே அழைப்பீர்கள் என்று கேட்பேன். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் காட்டி இரண்டு மணி என்பார்கள் பெரும்பாலோர். அதிர்ச்சிக் குறியீட்டைக் கணக்கிட்டவர்கள் ஒரு மணி என்பார்கள். சென்ற முறை பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் பன்னிரண்டு மணிப் புள்ளியில் பென்சிலை வைத்திருந்தார். 96 என்பது அழைக்கிற அளவு இல்லையே என்றேன். "இல்லை மேடம், அழைக்க மாட்டேன். ஆனால் ஒரு மணி வரை காத்திருக்கவும் மாட்டேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கால் மணி நேரத்தில் இன்னொரு புள்ளி வைப்பேன்" என்றார்.